அடுத்த பந்து என்ன ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தின் ஓரமாக நின்று பாருங்கள். ஒரே மைதானத்தில் பல மேட்ச்சுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு நடக்கும். ஓர் அணியின் ஃபீல்டர் இன்னோர் அணியின் பிட்ச்சுக்குப் பக்கத்தில் நிற்பார். எல்லார் கையிலும் டென்னிஸ் பந்துதான். ஆனாலும் குழப்பம் வராது. அவரவர் பந்து அவரவர் கண்ணுக்குத் தெரியும். அதே நேரத்தில் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஷட்டில் நடக்கும். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஓட வந்தவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடிப்பார்கள். ஆழ்வார்பேட்டையில் ஏதோ ஒரு மாடி அறையில் எட்டு வயதுப் பிள்ளை செஸ் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே விடுமுறை நாள். அப்படியிருக்க ஒருவரை மட்டையும் இன்னொருவரைச் சதுரங்கப் பலகையும் இழுப்பது ஏன்? வாழ்நாளில் ஒரு முறைகூட மட்டை பிடிக்காதவர் சேப்பாக்கத்தில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருப்பது எதற்காக? பழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் மூளையை ஆராய்கிறவர்களும் இயற்பியலாளர்களும் கணிதக்காரர்களும் கடந்த பல பத்தாண்டுகளில் இந்தக் கேள்வியைப் பல பக்கங்களிலிருந்து தொட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சேர்த்துப் பார்த்தால் வரும் விடை, மேட்ச் பார்க்கும் விதத்தையே மாற்றிவிடும்.

பாதிக்குப் பாதி

நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவருடைய சகாக்களும் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குரங்குகளுக்குச் சில படங்களைக் காட்டினார்கள். ஒரு படம் வந்தால் கட்டாயம் பழச்சாறு கிடைக்கும். இன்னொரு படம் வந்தால் கிடைக்கவே கிடைக்காது. வேறொரு படத்துக்குப் பாதி வாய்ப்பு. படம் தோன்றியதிலிருந்து சாறு வரும் நேரம் வரையிலான இரண்டு நொடியில், டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் என்ன செய்கின்றன என்று பதிவு செய்தார்கள்.

சாறு நிச்சயம் என்றால் அந்தக் காத்திருப்பில் நரம்பணுக்களிடம் பரபரப்பு இல்லை. நிச்சயம் இல்லை என்றாலும் அப்படியே. வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான், முடிவு தெரியும் கணம் வரை அவற்றின் துடிப்பு படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. பரிசு தரும் இன்பம் ஒருபுறம் இருக்க, பரிசு வருமா வராதா என்ற நிலைக்கே மூளை தனியாக விழித்துக்கொள்கிறது. குரங்கின் மூளையிலிருந்து கேலரியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஒரே தாவலில் வந்துவிட முடியாது. ஆனாலும் மேட்ச் பார்த்த எவருக்கும் அந்த ஏறும் துடிப்பு அறிமுகமானதே.

அந்தத் துடிப்பின் உச்சத்தை இந்த ஊர் ஒரு முறை கண்டிருக்கிறது. 1986 செப்டம்பர் 22. சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட்டின் ஐந்தாம் நாள். முதல் இன்னிங்ஸில் 210 ரன் எடுத்த டீன் ஜோன்ஸ், சென்னை வெயிலில் உடலின் நீரெல்லாம் வற்றி மருத்துவமனைக்குப் போக நேர்ந்த அதே மேட்ச். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவர் தொடங்கும்போது கையில் ஒரே விக்கெட், தேவை 4 ரன். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று எடுத்தார். ஸ்கோர் சமம். அடுத்த முனையில் மணிந்தர் சிங். நான்காவது பந்து தாண்டியது. ஐந்தாவது பந்தில் கிரெக் மேத்யூஸ் அவரை எல்.பி.டபிள்யூ. ஆக்கினார். இதுவரை 2500-க்கும் மேற்பட்ட டெஸ்ட்டுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் 'டை' ஆனவை இரண்டே: 1960 பிரிஸ்பேன், 1986 சென்னை. ஐந்து நாள் ஆட்டம் ஒரே ஒரு ரன்னின் இரு பக்கமும் சரிபாதியாக நின்றது.

உத்தி பிரிக்கும் பிள்ளைகள்

முடிவு தெரியாமல் இருப்பதுதான் ஆட்டத்தின் உயிர் என்பதை 1956-ல் சைமன் ராட்டன்பர்க் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பேஸ்பால் வீரர்களின் சம்பளத்தைப் பற்றி எழுதும்போது சொன்னார். யார் ஜெயிப்பார் என்று முன்பே தெரிந்துவிட்டால் ரசிகர்கள் வரமாட்டார்கள். ஆகவே பணக்கார அணிகூட எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வாங்கிக் குவித்தால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பது அவர் வாதம். 2008-ல் தொடங்கிய ஐ.பி.எல்.லில் எல்லா அணிக்கும் ஒரே செலவு வரம்பு வைத்து ஏலம் நடத்துவதன் பின்னால் இருப்பதும் இந்த எண்ணமே.

நம் தெருப் பிள்ளைகள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்துவந்திருக்கிறார்கள். உத்தி பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு தலைவர்கள் நிற்க, மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து தள்ளிப் போவார்கள். சம பலம் உள்ளவர்கள்தான் ஜோடி சேர வேண்டும். ஒருவருக்குச் சூரியன், மற்றவருக்குச் சந்திரன் என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்பார்கள். தலைவர் யாரைக் கேட்டாலும் ஒருவர் இங்கே, அவருக்கு இணையானவர் அங்கே. இரண்டு அணியும் சமமாகாமல் வேறு வழியில்லை. அணிகளைச் சமமாக்க இதைவிடச் சுருக்கமான ஏற்பாடு இருக்கிறதா என்று தெரியவில்லை.

மேற்கு மாம்பலம் தெருக்களின் கிரிக்கெட் சட்டங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆள் ஒற்றைப்படையில் இருந்தால் ஒருவர் 'ஜோக்கர்'; அவருக்கு இரண்டு பக்கமும் காஜி, அதாவது பேட்டிங், உண்டு. புதிதாக வருகிறவருக்கு ட்ரையல் பால். ஒரு பிட்ச் விழுந்த பந்தை ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட். காம்பவுண்டுக்குள் அடித்தால் அவுட். இடம் குறைவு என்பதால் வந்த சட்டங்கள்போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால், பலசாலி ஒருவன் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்க முடியாதபடி ஆட்டத்தைச் சமநிலைக்கு இழுத்து வைக்கும் சட்டங்கள் இவை.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கணக்கு

எல்லா விளையாட்டுகளும் முடிவை மறைத்துத்தான் வைக்கின்றன. ஆனால் மறைக்கும் இடம் வேறு வேறு. டென்னிஸையும் கால்பந்தையும் அடுத்தடுத்து வைத்தால் இது பளிச்சென்று தெரியும்.

ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அவர் வாழ்ந்த ஊரில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியம் 1995-ல் எழுந்தது, 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பனும் அங்கே நடந்தது. அந்த அரங்கில் ஆடும் இருவரில் ஒருவருக்கு ஒவ்வொரு பாயின்ட்டையும் வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய முன்னிலைதான். டென்னிஸின் எண்ணிக்கை முறையில் இதைப் போட்டுப் பார்த்தால், அவர் ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு 62 சதவீதமாகிறது. ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதம். மூன்று செட் மேட்ச்சை வெல்வது 91 சதவீதம். பாயின்ட், கேம், செட் என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் சிறிய வித்தியாசம் பெரிதாகிறது. 2024-ல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ரோஜர் ஃபெடரர் பேசியபோது, தான் ஆடிய 1526 ஒற்றையர் மேட்ச்சுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் வென்றதாகவும், ஆனால் எல்லா பாயின்ட்டுகளிலும் சேர்த்து 54 சதவீதமே வென்றதாகவும் சொன்னார். கணக்கு காட்டும் போக்கும் இதுவே.

ஆகவே டென்னிஸில் நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலும் ஜெயித்துவிடுவார். அப்படியானால் பரபரப்பு எங்கே? பாயின்ட்டுகளின் எடையில் இருக்கிறது. 40-0 இருக்கும்போது போகும் பாயின்ட்டும் டை-பிரேக்கில் போகும் பாயின்ட்டும் ஒன்றல்ல. கடிகாரமும் கிடையாது, கடைசி பாயின்ட் விழும்வரை யாரும் தோற்றவரில்லை. 2008 சென்னை ஓப்பன் அரையிறுதியில் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மூன்று செட்டையும் டை-பிரேக் வரை இழுத்து நான்கு மணி நேரத்தை நெருங்கினார்கள். நடால் வென்றார். மறுநாள் இறுதிப் போட்டியில் மிகைல் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். எடை மிகுந்த பாயின்ட்டுகளை அத்தனை நேரம் தாங்கிய உடம்பில், மறுநாளுக்கென்று மிச்சம் இருக்கவில்லை.

கால்பந்து இதற்கு நேர்மாறு. 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 172 கோல். அதாவது ஒரு மேட்ச்சுக்கு மூன்றுகூட இல்லை. கோல் இவ்வளவு அரிதாக விழும்போது திறமைக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள வாய்ப்பு குறைவு. சராசரியாக 1.6 கோல் போடும் அணியும் 1.1 கோல் போடும் அணியும் மோதினால், பலமான அணி வெல்லும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவாகவே வரும். மீதியெல்லாம் டிராவும் தோல்வியும். எலி பென்-நைம் என்ற இயற்பியலாளரின் குழு நூறாண்டுக் காலத்தில் நடந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட போட்டிகளை எடுத்து, ஐந்து விளையாட்டுகளை ஒப்பிட்டது. பலவீனமான அணி பலமான அணியைக் கவிழ்ப்பது கால்பந்திலும் பேஸ்பாலிலும் அதிகம். கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் குறைவு. 2015 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் கோவா 2-1 என்று முன்னிலையில் இருக்க, 90-வது நிமிடத்தை ஒட்டி ஒரு சுய கோலும், அடுத்து மெண்டோசாவின் கோலும் விழுந்து கோப்பை சென்னையின் எஃப்.சி.க்கு வந்தது. கால்பந்து ரசிகர் எந்த நேரமும் நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம். கணக்கு அவர் பக்கம் இருக்கிறது.

அதிர்ஷ்டமே இல்லாத ஆட்டங்கள்

கேரமில் காற்று இல்லை, பிட்ச் இல்லை. இரண்டு முறை உலக சாம்பியனாகி 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயத்தின் ஊர் இது. வீட்டுக்கு வீடு போரிக் பவுடர் வாசனை இருந்த காலமும் உண்டு. எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் காய் ஏன் பாக்கெட்டுக்குப் போவதில்லை?

ஸ்ட்ரைக்கரின் விட்டம் ஏறத்தாழ 4.1 செ.மீ., காயின் விட்டம் 3.2 செ.மீ. ஸ்ட்ரைக்கரிலிருந்து 30 செ.மீ. தள்ளி நேர் எதிரே காய் இருக்கிறது. நீங்கள் சுண்டும்போது விரல் ஒரே ஒரு பாகை விலகிவிட்டது. அந்த 30 செ.மீ. போய்ச் சேரும்போது ஸ்ட்ரைக்கர் அரை சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். காயை அது நடுவில் தொடாமல் சற்று ஓரத்தில் தொடும். வட்டமும் வட்டமும் மோதும்போது, தொட்ட இடத்தைப் பொறுத்தே காயின் திசை அமையும். கணக்குப் போட்டால் உங்கள் ஒரு பாகைப் பிழை, காயின் பயணத்தில் எட்டு பாகையாகிறது. இன்னும் 30 செ.மீ. போவதற்குள் காய் 4 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். பாக்கெட்டின் வாயே 4.5 செ.மீ.தான். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடும்போது கை நடுங்குகிறதே, அந்த நடுக்கம் எட்டு மடங்காகிக் காயில் தெரியும். எதிர்பாராதது வெளியிலிருந்து வருவதில்லை, ஆடுகிறவரின் விரல் நுனியிலிருந்தே வருகிறது.

செஸ்ஸில் விரலும் கிடையாது. குதிரையை வைத்த இடத்தில் குதிரை இருக்கும். மறைந்திருப்பது அளவு ஒன்றுதான். ஒரு முழு ஆட்டம் எத்தனை விதமாகப் போகலாம் என்று 1950-ல் கிளாட் ஷானன் மதிப்பிட்டார்: 1-க்குப் பின்னால் 120 பூஜ்யம். யாராலும் அதைப் பார்த்து முடிக்க முடியாது. ஆகவே பழகிய கண் வேறு வழியைக் கையாள்கிறது. 1973-ல் சேஸ், சைமன் ஆகிய இருவரும் நடத்திய சோதனையில், நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த பலகையை ஐந்து நொடி பார்த்த வல்லுநர், பெரும்பாலான காய்களைச் சரியாகத் திருப்பி அடுக்கினார். கற்றுக்குட்டியால் சிலவற்றைத்தான் வைக்க முடிந்தது. அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்தபோது வல்லுநரின் மேன்மை கிட்டத்தட்ட காணாமல் போனது. அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பழகிய அமைப்புகளாக, கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார்.

அந்த அமைப்புகள் உட்கார்ந்து ஆடி ஆடித்தான் கண்ணில் படியும். 1972-ல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப், மானுவேல் ஆரோன் போன்றவர்களால் அப்படி ஓர் இடமாக இருந்தது. அம்மாவிடம் செஸ் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் மின்னல் வேக ஆட்டம் பழகினார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2013-ல் தேனாம்பேட்டை ஓட்டல் ஒன்றில் மாக்னஸ் கார்ல்சனிடம் 6.5 - 3.5 என்று பட்டத்தை இழந்ததும் இதே ஊரில்தான்.

இன்று செஸ் பார்ப்பதில் வேறு விளையாட்டுகளில் அரிதான ஒரு நிலை இருக்கிறது. ஆடுகிறவரைவிடப் பார்க்கிறவருக்கு அதிகம் தெரியும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான பதினான்காவது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கணினியின் மதிப்பீட்டுக் கோடு திரையில் சரிந்த அந்த நொடியே உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பலகைக்கு எதிரே இருந்த 18 வயது குகேஷுக்கு மட்டும் அது இன்னும் தெரியாது. அவர் கண்டுபிடிப்பாரா? அந்தச் சில கணங்களின் தவிப்பு முழுக்க ரசிகர்களுடையது. பிறகு குகேஷின் முகம் மாறியது.

அரை நொடிக்குள் ஓர் உலகம்

ஆடுகிறவருக்குக் கிடைப்பது என்ன? வேகப்பந்து வீச்சாளர் 140 கி.மீ. வேகத்தில் போடும் பந்து, மட்டைக்கு வந்து சேர அரை நொடிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், கை அசையத் தொடங்கவே அதில் 0.2 நொடி போய்விடும். பந்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே அடிப்பது என்பது நடக்காத காரியம். 2000-ல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் ஆகியோர் பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். பந்து கிளம்பும் இடத்தைக் கண் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது எங்கே பிட்ச் ஆகும் என்று எதிர்பார்க்கிறதோ அந்த இடத்துக்குத் தாவிப் போய்க் காத்திருக்கிறது. நன்றாக ஆடுகிறவரின் கண் சீக்கிரம் தாவுகிறது. பேட்டிங் என்பது அடுத்த கால் நொடியை முன்கூட்டியே ஊகிப்பது. ஊகம் சரியாக அமைந்து மட்டையின் நடுவில் பந்து படும்போது கையில் அதிர்வே தெரியாது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் சோமசுந்தரம் மைதானத்தில் முறை வரும்வரை வெயிலில் ஃபீல்டிங் நிற்கிறார்கள்.

பந்து வீசுகிறவரின் சந்தோஷம் அந்த ஊகத்தைப் பொய்யாக்குவது. மேற்கு மாம்பலத்தில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அஸ்வின், கேரம் காயைச் சுண்டுவதுபோல் நடுவிரலால் பந்தைச் சொடுக்கிவிடும் வித்தையைத் தெரு கிரிக்கெட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். நம் பிள்ளைகள் 'சொடுக்கு பால்' என்பார்கள். கை அசைவு ஒன்று சொல்ல, பந்து வேறு பக்கம் போகும். டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்த கை, எதிரே நிற்பவரின் கண் எங்கே தாவும் என்பதைப் படிக்கப் பழகியது தெருவில்தான்.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1970-களில் செஸ் ஆடுகிறவர்கள், மலை ஏறுகிறவர்கள், நடனமாடுகிறவர்கள் எனப் பலரிடம் பேசினார். வேறு வேறு செயல்கள். ஆனால் நேரம் போனது தெரியாமல் தங்களை மறந்த நிலையை எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எதிரே உள்ள சவாலும் கையில் உள்ள திறமையும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது அது வாய்க்கிறது என்று அவர் கண்டார். சவால் குறைந்தால் அலுப்பு, கூடினால் பயம். ஒருவருக்கு அந்தச் சமநிலை பந்தில் கிடைக்கும், இன்னொருவருக்குப் பலகையில் கிடைக்கும். ஓட்டக்காரருக்கு அது கடற்கரைச் சாலையில் மூச்சும் காலும் ஒன்றாகும் இடத்தில் கிடைக்கும். நமக்கு எந்த ஆட்டம் பிடிக்கும் என்பது, எந்த வகைச் சவாலில் நம் உடம்பும் மனமும் சரியாகப் போய்ப் பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தது.

ஜெயிச்சோம், தோத்துட்டாங்க

ரசிகருக்கு வேறொன்றும் கிடைக்கிறது: கூட்டம். ராபர்ட் சியால்டினி 1976-ல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்த வாரம், திங்கட்கிழமை வகுப்புக்குக் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வரும் மாணவர்கள் அதிகம் என்று கண்டார். ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், வென்றபோது 'நாம்' என்ற பேச்சு கூடியது. சேப்பாக்கத்திலிருந்து மஞ்சள் சட்டையோடு ரயில் ஏறும் கூட்டத்தைக் கேட்டாலும் அதுவே: வென்ற இரவில் "ஜெயிச்சுட்டோம்", தோற்ற இரவில் "தோத்துட்டாங்க".

இந்த ஒட்டுதல் உடம்புக்குள்ளும் இறங்குகிறது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற கிராமத்தில், நம் ஊர் அம்மன் கோயில்களைப் போலவே தீமிதி உண்டு. 2011-ல் வெளியான ஆய்வில், தீ மிதித்தவர்களின் இதயத் துடிப்பும், சும்மா நின்று பார்த்த அவர்களுடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கின. சம்பந்தமில்லாத பார்வையாளர்களிடம் அப்படி இல்லை. நெருப்பில் கால் வைக்காதவரின் நெஞ்சும் கூடவே அடித்துக்கொள்கிறது; வேண்டியவராக இருந்தால் போதும். இதற்கு ஆபத்தான முகமும் உண்டு. 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாள்களில் மியூனிக் பகுதியில் அவசர சிகிச்சைக்கு வந்த இதய நோய்ச் சம்பவங்கள், மற்ற நாள்களைவிட 2.66 மடங்காக இருந்தன.

ரசனை முழுவதும் இந்த 'நாம்' உணர்வில்தான் இருக்கிறது என்றால், 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததற்கு விளக்கமே கிடையாது. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட், இலக்கு 271. 82 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு, முதுகு வலியோடு சச்சின் டெண்டுல்கர் 136 ரன் அடித்து அணியை வெற்றிக்கு அருகில் கொண்டுவந்தார். வெற்றிக்கு 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடிக்கப் போய் வாசிம் அக்ரமிடம் கேட்ச் ஆனார். மீதி மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி. யாருக்கு எதிராகத் தோற்றால் மனசு ஆறாதோ அவர்களுக்கு எதிராக, அதுவும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள்.

ஆடிய கை அறியும்

அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்கு ஒரு தடயம் 2008-ல் இத்தாலியில் சால்வதோரே அலியோத்தி குழு நடத்திய ஆய்வில் இருக்கிறது. கூடைப்பந்து வீரர் பந்தைக் கூடைக்கு எறியும் காட்சியைப் பாதியில் நிறுத்தி, "விழுமா, விழாதா?" என்று மூன்று தரப்பினரிடம் கேட்டார்கள்: ஆடும் வீரர்கள், தினமும் பார்க்கும் பயிற்சியாளர்களும் பத்திரிகையாளர்களும், ஆட்டமே தெரியாதவர்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்னரே, விரலையும் மணிக்கட்டையும் பார்த்துச் சரியாகச் சொன்னவர்கள் ஆடும் வீரர்கள்தான். குறி தப்பப்போகும் எறிதலைப் பார்த்தபோது அவர்களுடைய சுண்டுவிரல் தசைக்குப் போகும் நரம்புச் சைகை தனியாக மாறியது. தினமும் பார்ப்பவர்களுக்குக்கூட அது நடக்கவில்லை. லண்டனில் பாலே கலைஞர்களை வைத்து 2005-ல் வெளியான ஆய்விலும் இதே போக்கு: தான் கற்ற நடனத்தைப் பார்க்கும்போது, கற்காத நடனத்தைப் பார்ப்பதைவிட மூளையின் அசைவுப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன.

மார்கழியில் மயிலாப்பூர் சபாவில் பாட்டுக் கற்றவர் கச்சேரி கேட்பதைப் பார்த்தால் இது புரியும். பாடகர் சங்கதியை எடுக்கும் முன்னரே அவர் தலை அசையத் தயாராகியிருக்கும். எவ்வளவு கடினமான இடம் என்று அவர் தொண்டைக்குத் தெரியும். சேப்பாக்கத்தின் கேலரியும் அப்படிப்பட்டது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மெரினா மணலிலோ பள்ளி மைதானத்திலோ லீக் ஆட்டத்திலோ ஸ்பின் போட்டவர்கள், ஸ்பின்னுக்கு எதிராகத் திணறியவர்கள். நாள் முழுக்கச் சச்சின் முன்னால் பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அவர்களுடைய கைக்குத் தெரியும். தோற்றது 'நாம்' என்றாலும், வென்றது தாங்களும் கொஞ்சம் கற்ற ஒரு வித்தை.

ஆடிய அனுபவம் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை என்பதுதான் வருத்தம். தெரு கிரிக்கெட்டில் பெண் பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்ததே அதிகம். 2024-ல் அதே சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மா 205 அடிக்க, இந்தியப் பெண்கள் அணி 6 விக்கெட்டுக்கு 603 எடுத்தது. பெண்கள் டெஸ்ட்டில் அதுவே மிக உயர்ந்த ஸ்கோர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் கபடி அணியில், நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து ஓ.எம்.ஆர். ஓரத்தில் குடியமர்த்தப்பட்டவர்களின் கண்ணகி நகரிலிருந்து போன கார்த்திகா இருந்தார். 30 நொடி ரெய்டில் ஏழு பேருக்கு நடுவே தனியாக நுழைந்து திரும்புவது என்ன என்பதை அந்தப் பகுதியின் பிள்ளைகள் இப்போது உடம்பால் அறிகிறார்கள்.

உடற்பயிற்சிக் கல்விக்கென்று ஆசியாவின் முதல் கல்லூரியை 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஊர் இது. நந்தனத்தில் அந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பி.டி. பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்வது இன்னும் சாதாரண விஷயமாக இருப்பது சரியில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை கற்பதும் அறிவியலே: வேகம், கோணம், வாய்ப்பு, தன் உடம்பின் எல்லை. எல்லாப் பிள்ளைகளும் சாம்பியன் ஆக வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் பந்து, மட்டை, காய், பலகை, மணல், தண்ணீர் என்று பல ஆட்டங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த ஆட்டத்தின் 'என்ன ஆகுமோ' தன்னை இழுக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுகொள்ள முடியும். ஒரு வருடம் ஆடிவிட்டு நிறுத்தினாலும் நஷ்டமில்லை. வாழ்நாள் முழுக்க அந்த ஆட்டத்தைப் பார்க்கும் கண் அதற்குள் கிடைத்துவிடும். எதிரணி நன்றாக ஆடினாலும் எழுந்து நின்று கைதட்டும் மனசு, அந்தக் கண் உள்ளவர்களுக்கே எளிதில் வருகிறது.